பல் போனால் சொல் போக வேண்டுமா?
முழுவரிசைப் பற்பதியமும் பொய்ப்பல்லும்: ஒரு விளக்கம்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதுண்டு. பல் இழந்தவரின் பேச்சு குழறும் என்பது இப்பழமொழியின் நேர்ப்பொருள். பேச்சு குழறியவரின் சொல்லுக்கு அவையில் மதிப்புக் குறையும் என்பது அதன் உட்பொருள். இந்த இரண்டாவது பொருளே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

மொழி நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வருகின்ற முதியவர்களுள் சிலர், கலந்துரையாடல் தொடங்கியதும் பேசாமல் அமர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பல ஆண்டுகள் வகுப்பறையில் குரல் உயர்த்திப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரிடம் காரணம் கேட்டபோது, அவர் தயங்கியபடியே சொன்னார்: "பேச ஆரம்பிச்சா கீழ்ச்செட்டு எழும்பி வந்துடுதுங்க. நாலு பேர் முன்னால அந்த அவமானம் எதுக்குன்னு பேசுறதில்ல." அவரிடம் மொழியறிவு இருக்கிறது, நினைவாற்றல் இருக்கிறது, சொல்ல வேண்டிய செய்தியும் இருக்கிறது. அவற்றுக்குத் தடையாக நிற்பது சில கிராம் எடையுள்ள ஒரு நெகிழித் தட்டு.

இத்தகையோர்க்கு இன்று பல் மருத்துவம் வேறு சில வழிகளையும் காட்டுகிறது. தாடை எலும்பில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஒரு முழுப் பல்வரிசையை நிலையாகப் பொருத்துவது அவற்றுள் ஒன்று. அது எவ்வாறு செயற்படுகிறது, யார்க்கு ஏற்றது, யார்க்கு ஏலாதது, பழைய பொய்ப்பல் எந்த அளவுக்குப் போதுமானது என்பவற்றை இங்கே காண்போம்.

பல்லும் ஒலியும்

எழுத்துகள் பிறக்கும் முறையை ஆராய்ந்த தொல்காப்பியம், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணுகிறது. பல் அவற்றுள் ஓர் உறுப்பாக வைத்து எண்ணப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். மேற்பல்லின் அடியை அந்நூல் அண்பல் முதல் என்று குறிக்கிறது. நாவின் நுனி பரந்து அவ்விடத்தை ஒற்றும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. பல்லும் இதழும் இயையும்போது வகரம் பிறக்கிறது. நாவின் விளிம்பு தடித்து அண்பல்லின் அடியைப் பொருந்தி, அண்ணத்தை ஒற்றும்போது லகரமும், வருடும்போது ளகரமும் தோன்றுகின்றன. டகர ணகரங்களும் றகர னகரங்களும் நாநுனி அண்ணத்தைத் தொடுவதால் எழுகின்றன; ரகர ழகரங்கள் அண்ணத்தை வருடுவதால் எழுகின்றன.

இவ்விளக்கத்தை ஒரு பொய்ப்பல்லின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முழுமையான மேல் பொய்ப்பல் வெறும் பல்வரிசையாக மட்டும் இருப்பதில்லை. அது பிடிமானம் பெறுவதற்காக அண்ணம் முழுவதையும் மூடுகின்ற தட்டாகவும் இருக்கிறது. அத்தட்டின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். நம் மொழியின் சிறப்பெழுத்தாகிய ழகரமும், ணகர னகர வேறுபாடும், லகர ளகர வேறுபாடும் எந்த இடத்தில் உருவாகின்றனவோ, அதே இடத்தில்தான் இத்தட்டு அமர்கிறது. உணர்ச்சியுள்ள ஈரமான சதையை வருடிப் பழகிய நா, இப்போது வழவழப்பான அக்ரிலிக் தட்டை வருட வேண்டியிருக்கிறது. தொட்ட இடம் எது என்பதை நா உணரும், அண்ணம் உணராது.

மனித நா இதற்கும் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. பெரும்பாலோர் சில வாரங்களில் தெளிவாகப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். எனினும் தட்டு தளர்ந்து அசையத் தொடங்கினால், நா இரண்டு வேலைகளைச் செய்ய நேர்கிறது: ஒன்று பேசுவது, மற்றொன்று பல்லைப் பிடித்து நிறுத்துவது. முதிய பேச்சாளர்களின் சோர்வுக்கு இவ்விரட்டை வேலை ஒரு பெரிய காரணம்.

பொய்ப்பல் தருவதும் தர இயலாததும்

இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடும் முயற்சி மிகப் பழமையானது. ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டிலேயே மரத்தைக் குடைந்து முழுப் பல்தட்டுச் செய்திருக்கின்றனர். ஐரோப்பாவில் யானைத்தந்தமும் நீர்யானைப் பல்லும் பயன்பட்டன. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களைப் பிடுங்கிப் பொய்ப்பல் செய்து விற்ற வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடினமாக்கப்பட்ட இரப்பர் வந்தது. 1930களில் அக்ரிலிக் வந்தது. இன்றும் நாம் 'பல்செட்டு' என்று வழங்குவது பெரும்பாலும் இந்த அக்ரிலிக் வகையையே.

மேல் பொய்ப்பல் வாயில் நிற்பதற்கு உமிழ்நீரே துணை. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, அண்ணத்துக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம் அதனைப் பிடித்து வைக்கிறது. தட்டின் விளிம்பு ஈறோடு நன்கு பொருந்தினால் காற்றும் உட்புகாது. கீழ்த்தாடைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே நடுவில் நா இருப்பதால், பொய்ப்பல் குதிரை இலாடம்போல் குறுகியதாகவே அமைய முடியும். பரப்பு சிறிது; உள்ளே நா தள்ளுகிறது; வெளியே கன்னமும் உதடும் இழுக்கின்றன. கீழ்ச்செட்டு எழும்பி வருவதாக அந்த ஆசிரியர் சொன்னதன் காரணம் இதுவே. மேல்செட்டைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது காரணம் எலும்பு. தாடையில் பல்லைத் தாங்கி நிற்கும் எலும்புமேடு, பல்லுக்காகவே வளர்ந்து பல்லால் வாழ்வது. கடிக்கும்போது பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்கள் எலும்பை இழுத்துத் தூண்டுகின்றன. பல் போனபின் அத்தூண்டல் நின்றுவிடுகிறது. எலும்பு மெல்லக் கரைகிறது. முதல் ஆண்டில் இக்கரைவு விரைவாகவும், பின்னர் மெதுவாகவும், ஆனால் வாழ்நாள் முழுவதும் நிகழ்கிறது. பொய்ப்பல் அணிந்தோரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் குறைந்ததைக் காட்டியது. செய்த நாளில் கச்சிதமாக இருந்த பொய்ப்பல் ஐந்தாறு ஆண்டுகளில் தொளதொளப்பதற்குப் பல் செய்தவரின் பிழை காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதன் அடியிலுள்ள நிலம் இறங்கிவிட்டது என்பதே பொருள்.

மூன்றாவது, மெல்லும் வலிமை. முழுப் பொய்ப்பல் அணிந்தவரின் கடிவிசை, இயற்கைப் பல்லுடையவரின் கடிவிசையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதனால் கடலை, கொய்யா, பச்சைக் காய்கறி, இறைச்சி ஆகியவை தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகுகின்றன. கஞ்சியும் இடியப்பமும் ரொட்டியும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியச் சமூகத்தினரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. நார்ச்சத்துக் குறைந்து மாவுச்சத்து மிகும் உணவுமுறை அவர்கட்கு உகந்ததன்று. ஆகவே பல்லில்லாமை வாயோடு நிற்கும் குறையன்று.

இவ்வளவும் சொன்னபின், பொய்ப்பல்லின் நன்மைகளையும் சொல்லுதல் முறை. அதற்கு அறுவை வேண்டியதில்லை. விலை குறைவு. கழற்றிக் கழுவலாம். உடைந்தால் ஒட்டலாம். தளர்ந்தால் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் பூசிச் சரிசெய்யலாம். குழிந்த கன்னத்துக்கும் உதட்டுக்கும் அது தாங்கலாகவும் அமைகிறது. நன்றாகச் செய்த பொய்ப்பல்லோடு நிறைவாக வாழ்பவர் பலர். அவர்கள் எவரும் மாற்றத் தேவையில்லை.

முயல் எலும்பு கற்பித்த பாடம்

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், எலும்பினுள் இரத்தம் ஓடும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறிய பார்வைக் கூடு ஒன்றைப் பொருத்தி, உருப்பெருக்கியின் வழியே உள்ளே நோக்கினார். ஆய்வு முடிந்ததும் அக்கூட்டைக் கழற்ற முயன்றார். அது வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைந்துவிட்டிருந்தது. விலையுயர்ந்த கருவியை மீட்க முடியாமற்போன அந்த இடையூறே ஒரு புதிய துறைக்கு வித்தாயிற்று.

பொதுவாக உடல் தனக்கு அயலான பொருளைச் சுற்றி ஒரு நார்த்திசு உறையைக் கட்டி ஒதுக்கி வைக்கும். டைட்டானியத்தின்மேல் காற்றுப்பட்டதும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அப்படலத்தை எலும்பு அயலானதாகக் கருதுவதில்லை. எலும்பு செல்கள் அதன்மேலேயே வந்தமர்ந்து புதிய எலும்பை உருவாக்குகின்றன. இந்நிகழ்வை எலும்பிணைவு எனலாம். 1965இல் பிரோனமார்க் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இத்திருகுகளைப் பதித்தார். கோஸ்டா லார்சன் என்ற அந்நோயாளி 2006இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை பயன்பட்டன. ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது.

இதனை மக்கள் 'இம்பிளாண்ட்' என்றே வழங்குகின்றனர். தமிழில் பற்பதியம் என்னும் சொல்லை நாம் இங்கே ஆள்கிறோம். தோட்டக்கலையில் கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்வதைப் பதியம் போடுதல் என்கிறோம். வேர் பிடிக்கும்வரை அதனை அசைக்கலாகாது என்பது தோட்டக்காரர் அறிந்த விதி; இங்கும் அவ்விதி பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தோட்டத்தில் கிளை மண்ணுக்குள் வேர்விடுகிறது. தாடையிலோ, திருகு அசையாமலிருக்க, எலும்பாகிய மண்ணே அதனை நோக்கி வளர்கிறது.

நான்கு தூண்களில் ஒரு வரிசை

ஒரு தாடையில் இழந்த பற்கள் பதினான்கு எனில், பதினான்கு பதியங்கள் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. பாலத்துக்குத் தூண்கள் சிலவே போதும்; தூண்கள் நிற்கும் இடமும் கோணமும்தான் முக்கியம். தொடக்கக் காலத்தில் ஐந்து அல்லது ஆறு பதியங்களை முன்புறத்தில் செங்குத்தாக நிறுத்தினர். பின்புறத்தில் நிறுத்த முடியாமைக்குக் காரணம் உண்டு. மேல்தாடையின் பின்பகுதியில் எலும்புக்கு மேலே காற்றறை இருக்கிறது. கீழ்த்தாடையின் பின்பகுதியில் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. எலும்பு கரைந்தவர்க்கு அவ்விடங்களில் திருகு நிற்க இடமில்லை.

போர்ச்சுக்கல் நாட்டைச் சேர்ந்த பாவ்லோ மாலோ என்னும் பல் மருத்துவர் 1990களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். முன்புறத்தில் இரண்டு பதியங்கள் செங்குத்தாக நிற்கும். பின்புறத்து இரண்டும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்து, காற்றறையையோ நரம்பையோ தொடாமல் விலகிச் செல்லும். சாய்வதால் நீளமான திருகை இறக்க முடிகிறது. அதன் தலை இன்னும் பின்னால் வந்து முடிவதால் பல்வரிசையும் கடைவாய் வரை நீள முடிகிறது. எலும்பு ஒட்டுச் சிகிச்சை வேண்டியிருந்த பலர்க்கு இதனால் அது வேண்டாததாயிற்று. 'ஆல்-ஆன்-ஃபோர்' என விளம்பரங்களில் காண்பது இம்முறையையே. மேல்தாடை எலும்பு மென்மையானது ஆதலின், சிலர்க்கு அங்கே ஆறு பதியங்கள் வேண்டப்படும்.

சிகிச்சை படிப்படியாக நடைபெறும். முதலில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி படம் எடுக்கப்படுகிறது. எலும்பின் உயரம், அகலம், நரம்பின் வழி ஆகியவை அதில் அளக்கப்படும். அறுவை நாளில் உணர்வு மரத்துப்போகச் செய்து, தேவையெனில் மயக்கமும் அளித்து, பதியங்களைப் பதிக்கின்றனர். ஒரு பதியம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமும், 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அது எலும்பில் போதிய இறுக்கத்தோடு பிடித்தால், அன்றோ சில நாள்களிலோ தற்காலிகப் பல்வரிசையைத் திருகிப் பொருத்தலாம். 'ஒரே நாளில் பல்' என்னும் விளம்பரத்தின் உண்மைப் பொருள் இதுவே: அன்று கிடைப்பது தற்காலிக வரிசை. இறுக்கம் போதாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று முதல் ஆறு மாதங்கள் எலும்பிணைவுக்கு உரியவை. அக்காலத்தில் மென்மையான உணவே உண்ண வேண்டும். தற்காலிகப் பல்லால் முறுக்கைக் கடித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளாதவர், பதியத்தையே இழக்க நேரிடலாம். எலும்பு பிணைந்தபின் நிலையான வரிசை செய்யப்படும். அது டைட்டானியச் சட்டத்தின்மேல் அமைந்த அக்ரிலிக்காக இருக்கலாம். சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகையாகவும் இருக்கலாம். முன்னது அதிர்வைத் தாங்கும், பழுதுபார்க்க எளிது, ஆனால் தேயும். பின்னது உறுதியானது, கறை பிடிக்காது, ஆனால் உடைந்தால் சரிசெய்வது கடினம். நிலையான வரிசையை அணிபவர் கழற்ற முடியாது. மருத்துவர் திருகைத் தளர்த்திக் கழற்றலாம்.

பெரும்பாலான நீண்டகால ஆய்வுகளில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பதியங்கள் நிலைத்திருக்கின்றன. பதியம் நிலைப்பது வேறு, தொல்லையின்றி இருப்பது வேறு என்பதை நாம் மறத்தலாகாது. திருகு தளரலாம், அக்ரிலிக் பல் பெயரலாம், பதியத்தைச் சுற்றிய ஈறு அழற்சியுறலாம். இவற்றை எதிர்பார்த்தே இச்சிகிச்சைக்கு இசைய வேண்டும்.

இடைப்பட்ட ஒரு வழி

பொய்ப்பல்லுக்கும் நிலையான வரிசைக்கும் இடையில் ஒரு வழி இருப்பதைப் பலர் அறியார். கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டே பதியங்களைப் பதித்து, அவற்றின்மேல் கழற்றக்கூடிய பொய்ப்பல்லைப் பூட்டலாம். சட்டையில் அமுக்கிப் பூட்டும் பொத்தான்போல் அது பொருந்திக்கொள்ளும். பேசும்போதும் உண்ணும்போதும் எழும்பாது. இரவில் கழற்றி வைக்கலாம்.

2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதலில் கருதத்தக்க சிகிச்சை இதுவே என்று கருத்துரைத்தனர். அறுவை சிறிது, செலவும் நான்கு பதிய வரிசையைவிடக் குறைவு. மேல்செட்டு நன்றாக நிற்க, கீழ்ச்செட்டு மட்டும் தொல்லை தருமாயின், முழுவரிசைக்குச் செல்லுமுன் இவ்வழியைக் கேட்டறிவது நன்று. நாம் மேலே குறிப்பிட்ட ஆசிரியரைப் போன்றோர்க்கு இதுவே போதியதாகலாம்.

யார்க்கு ஏற்றது?

வயது ஒரு தடையன்று. எண்பது வயதைக் கடந்தவர்க்கும் எலும்பிணைவு நிகழும். உடல்நிலையே தீர்மானிப்பது. நம் சமூகத்தினர் குறிப்பாகக் கருத வேண்டியவை நான்கு.

முதலாவது நீரிழிவு. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்க்குப் பதியம் நன்கு பிடிக்கும். கட்டுக்கு அடங்காதவர்க்குப் புண் ஆறுவது தாழும்; தொற்றும் எளிதில் வரும். ஆதலின் அறுவைக்கு முன் இரத்தச் சோதனை முடிவைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது புகையும் பாக்கும். புகைப்பிடிப்போர்க்குப் பதியம் தோல்வியுறும் வாய்ப்பு மிகுதி. நீண்டகாலம் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி நார்த்திசுவாகி, வாயை அகலத் திறக்க முடியாத நிலை ஏற்படலாம். கருவிகள் நுழையாத வாயில் பதியம் இடுவது கடினம். இந்நிலை வாய்ப்புற்றுக்கு முன்னறிகுறியாகவும் அமையலாம்; எனவே பல்லைப் பற்றிப் பேசுமுன் அதனைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது எலும்புத் தேய்வுக்கான மருந்துகள். அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு கரைவதைத் தடுப்பவை. இவற்றை எடுப்போர் சிலர்க்குத் தாடையில் அறுவை செய்தபின் எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது அதனினும் தீங்கு. பல் மருத்துவரும் அம்மருந்தை எழுதிய மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்காவது கையின் திறனும் நினைவின் திறனும். நிலையான வரிசையின் அடிப்புறத்தை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். கை நடுக்கமோ மறதி நோயோ வந்தபின் அதனை யார் செய்வார்? வீட்டுப் பணிப்பெண்ணோ மகளோ மருமகளோ மற்றவரின் வாய்க்குள் நிலையான வரிசையைத் துலக்குவதைவிட, கழற்றிய பொய்ப்பல்லைக் கழுவுவது எளிது. இன்றைய நிலையை மட்டுமன்றிப் பத்தாண்டுகளுக்குப் பின்னுள்ள நிலையையும் குடும்பத்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காப்பாற்றக்கூடிய இயற்கைப் பற்கள் இருக்கும்போது, முழுவரிசை வைப்பதற்காக அவற்றைப் பிடுங்கலாகாது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்கள், உணவில் ஒரு சிறு மணல் இருந்தாலும் உணர்த்தும். பதியத்துக்கு அந்நார்கள் இல்லை. எல்லாப் பற்களையும் எடுத்துவிடலாம் என்று ஓரிடத்தில் சொன்னால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நம் உரிமை.

செலவும் உதவியும்

முழுவரிசைப் பற்பதியம் தாடை ஒன்றுக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சிங்கப்பூரில் பதியம் இடும் அறுவைப் பகுதிக்கு மெடிசேவ் சேமிப்பிலிருந்து வரம்புக்கு உட்பட்டுப் பணம் எடுக்கலாம். மேலே பொருத்தும் பல்வரிசைக்கு எடுக்க இயலாது. கழற்றும் பொய்ப்பல்லுக்குத் தகுதியுடையோர் சாஸ் திட்டத்தின்கீழ் மானியம் பெறலாம். மலேசியாவில் அரசாங்கப் பல் மருந்தகங்கள் குறைந்த கட்டணத்தில் பொய்ப்பல் செய்து தருகின்றன. வரம்புகளும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், சிகிச்சைக்கு முன் மருந்தகத்திலேயே கேட்டறிதல் நன்று.

செலவு குறையும் என்பதற்காகச் சிங்கப்பூரர் பலர் ஜொகூர் பாருவுக்குச் செல்கின்றனர். திறமையான மருத்துவர்கள் அங்கும் உள்ளனர். ஆயினும் பற்பதியம் ஒருமுறை சென்று முடித்துவரும் வேலையன்று. பல ஆண்டுகள் தொடர்ந்து சோதனைக்குச் செல்ல வேண்டும். தளர்ந்த திருகை இறுக்குவதற்கு அந்தப் பதியத்துக்கே உரிய கருவி வேண்டும். ஆகவே எங்கே செய்தாலும், பதியத்தின் வகை, அளவு, தயாரிப்பு எண் ஆகியவற்றை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் வேறொரு மருத்துவர் பழுதுபார்க்க அதுவே துணை.

தமிழில் சோதித்துப் பாருங்கள்

பொய்ப்பல்லோ நிலையான வரிசையோ, இறுதியாகச் செய்யுமுன் மெழுகிலோ அக்ரிலிக்கிலோ ஒரு மாதிரியை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது சில சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாகவும் எண்களாகவும் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுபவர் தமிழிலும் பேசிப் பார்ப்பதே பொருத்தம். இதனை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம். பல்லின் இடத்தைச் சற்று நகர்த்த அதுவே தக்க தருணம்.

'தந்தை', 'பந்து', 'நாதம்' என்று சொல்லும்போது நாநுனி மேற்பல்லின் அடியை இயல்பாகத் தொட வேண்டும். பல் மிக உள்ளே இருந்தால் தகரம் தடித்து ஒலிக்கும். 'அவ்வை', 'செவ்வானம்' என்னும்போது மேற்பல் கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். 'பாசம்', 'வசந்தம்' என்னும்போது மேல், கீழ்ப் பற்கள் நெருங்கி வரலாம். மோதி ஓசை எழுப்பினால் பல்லின் உயரம் மிகுதி. 'வாழை', 'தவளை', 'கண்ணன்', 'கன்று' என்பவை அண்ணத்தில் தட்டின் கனத்தைக் காட்டிவிடும். பின்னர்ப் பத்து வரி உரைநடையைக் குரலெடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

முழுவரிசைப் பற்பதியம் அண்ணத்தை மூடுவதில்லை என்பதால், ழகர ளகரங்களுக்கு அது பெரிதும் உதவும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. தூய்மை செய்ய இடம்விட்டு மேல்வரிசையை ஈறிலிருந்து சற்று உயர்த்தி வைத்தால், அவ்விடைவெளி வழியே காற்றுக் கசிந்து சகர ஒலியில் சீழ்க்கை கலக்கும். சில வாரங்களில் இது தணிவதுண்டு. தணியாவிட்டால் தற்காலிக வரிசையிலேயே திருத்திக்கொள்ள வேண்டும். நிலையான வரிசை வந்தபின் திருத்துவது கடினம்.

நாள்தோறும் பேணுதல்

டைட்டானியம் சொத்தையாகாது. அதனால் பேண வேண்டியதில்லை என்று கருதுவது தவறு. பதியத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கும்; பின்னர் எலும்பு கரையும்; வலியே இல்லாமல் இது நிகழலாம். காலையும் இரவும் மென்மையான துலக்கியால் துலக்கி, இடைவெளிகளைச் சிறு துலக்கியாலும் நீர்ப்பீச்சும் கருவியாலும் தூய்மை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்வது நன்று. உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர் இரவுக் காப்பு அணிய வேண்டும்.

பொய்ப்பல் அணிவோரும் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் இட வேண்டும். கொதிநீரில் இட்டால் வளைந்துவிடும். தளர்ந்த பல்லோடு பசை தடவி ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளலாகாது. அது உரசிய இடத்தில் தோன்றிய புண் இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால் உடனே காட்ட வேண்டும்.

இனி நம் ஆசிரியரிடம் திரும்புவோம். அவர்க்கு நான்கு தூண்களில் நிற்கும் வரிசை வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். இரண்டு பதியங்கள் போதியதாகலாம். உட்புறத்தைச் சரிசெய்த பழைய செட்டே போதியதாகவும் ஆகலாம். அதனை முடிவு செய்ய வேண்டியவர் அவரும் அவருடைய மருத்துவரும். ஆனால் பல் தளர்ந்ததைத் தம் குறையெனக் கருதி அவர் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. அது எலும்பின் இயல்பு, அதற்கு வழி உண்டு என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், அதற்கு முதுமைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாமல், "பல்செட்டு சரியாக நிற்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.